அம்மாவின் கெம்புத் தோடும் ஒரு பாரிஸ் வேதியியலாளரும்

பிரெஞ்சில் ‘கொரேந்தோன்’ என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் கொரண்டம். மாணிக்கமும் நீலக்கல்லும் இந்த ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள். பிரெஞ்சுப் பள்ளியில் இந்தச் சொல்லை மனப்பாடம் செய்த எங்களுக்கு, அது நம் ‘குருந்தம்’தான், கப்பலேறிப் போயிருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் ஓர் அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கத்தி தீட்டும் சாணைக்கல்லில் அரக்கோடு சேர்த்தது இந்தக் குருந்தப் பொடியைத்தான்.

குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ குரோமியம் கலந்துவிட்டால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஆக, நாம் விலை கொடுப்பது கல்லில் கலந்த ‘அழுக்கு’க்குத்தான்! குரோமியத்தை 1797-இல் கண்டுபிடித்தவர் வொக்லேன் என்ற பிரெஞ்சுக்காரர். நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. மரகதத்துக்குப் பச்சை கொடுப்பதும் இதே குரோமியம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பூமிக்குள் அலுமினியம் ஏராளம், குரோமியமும் உண்டு. ஆனால் இரண்டும் சரியான சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே இடத்தில் சந்திப்பது அபூர்வம். பர்மாவின் மோகோக் பகுதியில் சலவைக்கல் பாறைகளுக்குள் அப்படிச் சந்தித்தன. அங்கே இரும்பு குறைவு என்பதால் அந்தக் கல் தணல் போல ஒளிரும். நம் வீடுகளில் ‘பர்மா கெம்பு’ என்று பெருமையாகச் சொன்னது அதைத்தான்.

இந்தச் சந்திப்பை அடுப்பிலேயே நடத்திக் காட்டலாம் என்று பாரிஸில் சிலர் முயன்றார்கள். 1877-இல் எட்மோன் ஃப்ரெமி சிறு சிறு மாணிக்கப் படிகங்களை வளர்த்தார். அவருடைய மாணவர் ஒகுஸ்த் வெர்நேய் இன்னும் எளிய வழி கண்டார். அலுமினியம் ஆக்சைடு பொடியில் சிறிது குரோமியம் ஆக்சைடு கலந்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடர் வழியாக மெல்ல உதிர விடுவது. 2000 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பொடி உருகிச் சொட்டி, கீழே ஒரு தண்டின்மேல் சில மணி நேரத்தில் சிவப்புக் கல்லாக வளர்ந்துவிடும். தம் குறிப்புகளை 1891, 1892-இல் அறிவியல் கழகத்தில் முத்திரையிட்ட உறையில் கொடுத்துவைத்தவர், 1902-இல்தான் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் இந்தக் கல் ஆலைகளில் கிலோ கணக்கில் உற்பத்தியாகி ஊர் ஊராகப் பரவியது.

எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. அம்மா காலமான பிறகு நகையைப் பங்கு பிரிக்க, அவருடைய கெம்புத் தோட்டை மதிப்புப் போடக் கொண்டுபோனோம். கல் பார்ப்பவர் லென்ஸை எடுத்துவிட்டு, “இது மெஷின் கல்லு. தங்கத்துக்கு மட்டும்தான் காசு” என்றார். அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. அம்மாவின் கல்யாணத்துக்கு அரைக் காணி நிலத்தை விற்றுப் பர்மா கெம்பு என்று தாத்தா வாங்கிய தோடு அது. “அம்மா இத்தனை வருஷம் பொய்க்கல்லையா போட்டிருந்தாங்க?” என்று வழியெல்லாம் அழுதாள்.

நான் அவளிடம் சொன்னது இதுதான்: கல் பொய்யில்லை. அதே அலுமினியம், அதே குரோமியம், அதே கடினம். கண்ணாடியில் சாயம் ஏற்றியதல்ல. தாத்தாவிடம் வாங்கிய விலைதான் பொய். பூமி பல கோடி ஆண்டு செய்த வேலைக்கு உண்டான பணத்தை, அடுப்பு சில மணி நேரம் செய்த வேலைக்கு யாரோ வாங்கிவிட்டார்கள். அதற்கு அம்மாவின் காது என்ன செய்யும்? அக்கா பதில் பேசவில்லை. ஆனால் தோட்டைத் தன் பங்கில் எடுத்துக்கொண்டாள். அழித்துச் செய்யவில்லை, இன்றும் வெள்ளிக்கிழமைகளில் போடுகிறாள்.

வெர்நேய் கல்லை நாம் எல்லோருமே அணிந்திருக்கிறோம். பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தில் ‘17 ஜூவல்ஸ்’ என்று போட்டிருக்கும் அல்லவா? சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல வைத்த அந்தக் கற்களும் செயற்கை மாணிக்கம்தான். 1960-இல் அமெரிக்காவில் மைமன் உருவாக்கிய முதல் லேசர் ஒளியும் செயற்கை மாணிக்கத்திலிருந்துதான் வந்தது.

பேத்திக்குக் கெம்பு வாங்கப்போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டுக்கும் வேதியியல் ஒன்றே என்பதால் நிறத்தையும் கடினத்தையும் வைத்துப் பிரிக்க முடியாது. லென்ஸில் வளைந்த கோடுகளோ காற்றுக் குமிழ்களோ தெரிந்தால் அடுப்புக் கல்லாக இருக்கும். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடும், சில சமயம் பட்டிழை போன்ற மெல்லிய ஊசிகளும் தெரியும். எதை வாங்கினாலும் ‘இயற்கை’ அல்லது ‘செயற்கை’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எங்கள் தாத்தாவிடம் அந்த ஒரு வரி இருந்திருந்தால், அரைக் காணி நிலம் மிஞ்சியிருக்கும்.