ஓர் 'உம்' தீர்மானித்த குடியுரிமை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் வெளியூர் நண்பர்கள் போனில் கேட்பது ஒன்றுதான்: "தண்ணி விழுதா, குளிக்க விடுறாங்களா?" சில நாள் மெயின் அருவியில் வெள்ளமாகக் கொட்டும், அதனாலேயே குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். அன்று "தண்ணீரும் விழுகிறது, குளிக்கவும் விடுகிறார்கள்" என்றால் அது பொய். 'உம்' போட்டுச் சேர்த்த வாக்கியத்தில் ஒரு பாதி பொய்யானாலே முழுதும் பொய். 'அல்லது' போட்டால் ஒரு பாதி உண்மையானாலே போதும். பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த 'ஏ', 'ஊ' என்ற இரு சின்னச் சொற்களும் இவைதான்.

இந்தத் தர்க்க விதி எங்கள் பக்கத்து மக்களின் குடியுரிமையையே தீர்மானித்தது.

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் 1954 நவம்பர் 1 அன்றே இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டன. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் எந்த நாட்டவர்?

ஒப்பந்தத்தின் 4-ஆம் விதி சொன்னது: இப்பகுதிகளில் பிறந்தவராகவும், அந்தத் தேதியில் அங்கே குடியிருப்பவராகவும் இருந்தால் இந்தியர். 5-ஆம் விதி அதற்கு விலக்கு: ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஆக, மூன்று வாக்கியங்கள்: அங்கே பிறந்தார், அங்கே குடியிருந்தார், எழுதிக் கொடுக்கவில்லை. மூன்றும் உண்மையாக வேண்டும்.

காரைக்காலில் ஒரே வீட்டில் வாழ்ந்த, வயது வந்த அண்ணன் தம்பியை நினைத்துப் பாருங்கள். அப்பா சைகோனில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்தவர் அண்ணன். அவருக்கு முதல் வாக்கியம் பொய். எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். ஊரில் பிறந்த தம்பி சும்மா இருந்தால் இந்தியர். ஊரில் பிறந்து சைகோனிலேயே தங்கிவிட்டவருக்கு இரண்டாவது வாக்கியம் பொய், அவரும் பிரெஞ்சுக்காரர்தான். சென்னையில் குடியிருந்தவருக்கு மட்டும் தனி விதி இருந்தது. அவரும் எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியரே. 4-ஆம் விதியில் 'உம்' இருந்த இடத்தில் 'அல்லது' இருந்திருந்தால் அண்ணனும் இந்தியர் ஆகியிருப்பார்.

பிரெஞ்சு ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு, பிரான்சுப் பயணம் என்று எத்தனையோ இதில் அடங்கியிருந்தது. பேசாமல் இருந்ததும் ஒரு பதிலாகிவிட்டது என்பது பலருக்குப் பிறகுதான் புரிந்தது.

பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுப் போனால் அதே மூன்று கேள்விகளும் எழும்: தாத்தா எங்கே பிறந்தார்? அன்று எங்கே குடியிருந்தார்? எழுதிக் கொடுத்தாரா? வீட்டுப் பெட்டியில் பழைய பிறப்புப் பதிவுத் தாள் கிடந்தால் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.