மகாவலிக் கரையின் போர்க்காலம் - 7
வானத்திலிருந்து வந்த வைத்தியர்

ஒன்றுக்கு நூற்றிருபது.

இந்தக் கணக்கோடுதான் போன வாரம் நிறுத்தினோம். சண்டையில் காயம்பட்டு ஒரு சிப்பாய் பின்னுக்கு அனுப்பப்பட்டால், அதே காலத்தில் நோயில் விழுந்து அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். 1943இல் பர்மா எல்லையில் நின்ற படையைப் பற்றி ஜெனரல் வில்லியம் ஸ்லிம் பிறகு எழுதிவைத்த கணக்கு இது. ஜப்பானியரின் தோட்டாவை விட நுளம்பின் கடிதான் அதிகம் பேரைச் சாய்த்தது.

அந்தப் போரையெல்லாம் நடத்தும் தலைமையகம் 1944 ஏப்ரல் நடுவில் டெல்லியை விட்டுக் கண்டிக்கு வந்தது. தென்கிழக்காசியக் கட்டளைத் தளபதி லூயிஸ் மவுண்ட்பேட்டன் பிரபு தங்கியது, இன்று ஜனாதிபதி மாளிகையாக இருக்கும் கட்டடத்தில். வேலை நடந்தது பேராதனைப் பூங்காவில். மகாவலி கங்கை மூன்று பக்கம் வளைத்துக்கொள்ளும் அந்த 147 ஏக்கரில், மரங்களுக்கு நடுவே ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்துச் சோற்றுப் பொதியை அவிழ்க்கும் நமக்கு, அந்தப் புல்வெளியில் ஒருகாலத்தில் பர்மாவின் வரைபடங்கள் விரிந்து கிடந்தன என்று நினைக்கவே வராது.

பூங்காவுக்கும் நுளம்பு கொண்டுவரும் மலேரியாக் காய்ச்சலுக்கும் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. மலேரியாவுக்கு அன்று தெரிந்த மருந்து கொயினா. அது சிங்கோனா மரப்பட்டையில் கிடைப்பது. பேராதனையின் நிர்வாகத்தின் கீழ் 1861இல் ஹக்கலையில் அந்த மரத்தை நட்டார்கள். கோப்பியை நோய் தின்று தீர்த்தபோது, மலையகத்துத் துரைமார் அவசர அவசரமாகச் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். பட்டை மிதமிஞ்சிக் குவிந்தது, விலை விழுந்தது. மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டார்கள். உலகத்துக் கொயினாவில் பெரும்பங்கு ஜாவாவின் கைக்குப் போனது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியரின் கைக்குப் போனது. ஒருகாலத்தில் நம் மலைகளில் காடாய் வளர்ந்த மருந்துக்கு, அந்த மலைகளில் வந்து குந்தியிருந்த தலைமையகமே வழி தேட வேண்டியதாயிற்று.

மாற்றாக வந்தது மெபாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரை. தின்றால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தியும் முகாமுக்கு முகாம் பரவியது. சிப்பாய்கள் வாயில் போட்டு, அதிகாரி முகம் திருப்பியதும் துப்பினார்கள். ஸ்லிம் ஒரு வேலை செய்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முழுப் பிரிவையும் நிறுத்திப் பரிசோதிப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது மாத்திரை எடுத்ததாகத் தெரியாவிட்டால், தண்டனை சிப்பாய்க்கு அல்ல, அவர்களின் கட்டளை அதிகாரிக்கு வேலை போகும். மூன்று பேரை அனுப்பியதும் மற்றவர்களுக்குப் புத்தி வந்தது என்கிறார்.

அவர் செய்த இன்னொன்றுதான் நம் கதைக்கு முக்கியம். முன்பெல்லாம் காய்ச்சல் கண்டவனை, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே, லொறியிலும் ரயிலிலும் கப்பலிலுமாக நூற்றுக்கணக்கான மைல் இழுத்துக்கொண்டு இந்தியாவுக்குக் கொண்டுபோவார்கள். திரும்பி வர ஐந்து மாதமாவது ஆகும். இப்போது சண்டை நடக்கும் இடத்துக்குச் சில மைல் பின்னாலேயே மூங்கிலும் ஓலையுமாகச் சிகிச்சைக் கொட்டில்களைக் கட்டினார்கள். காய்ச்சல் தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கட்டிலில் கிடத்திவிட வேண்டும். ஐந்து மாதம் மூன்று வாரமாகச் சுருங்கியது.

நோயாளி வைத்தியரிடம் போவது பழைய வழக்கம். வைத்தியர் நோயாளியிடம் போவது புதிய பாடம்.

சரி, கொட்டில் கட்டவே முடியாத இடம் என்றால்? பாதையே இல்லாத காடு என்றால்?

1943இன் முதல் சிண்டிட் படையெடுப்புக்கு இந்தக் கேள்விக்கு ஒரேயொரு பதில்தான் தெரிந்திருந்தது. ஓர்ட் விங்கேட்டின் தலைமையில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஜப்பானியரின் முதுகுப்புறம் நுழைந்தார்கள். நடக்க முடியாமல் போனவர்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழ 2,180 பேர். எதிரியை விட, தான் விழுந்தால் விட்டுவிடுவார்களே என்ற நினைப்புத்தான் ஒரு சிப்பாயின் காலைக் கட்டிப்போடும்.

அதே வருடம் ஓகஸ்ட் 2ஆம் திகதி, நாகா மலைகளின் மேல் அந்தக் கேள்விக்கு வேறொரு பதில் கிடைத்தது.

அஸ்ஸாமின் சபுவா விமானத் தளத்திலிருந்து சீனாவின் குன்மிங்குக்குப் புறப்பட்ட சி-46 விமானம் ஒன்றின் இயந்திரம் நடுவானில் நின்றது. உள்ளே இருந்தவர்களில் சிபிஎஸ் வானொலியின் செய்தியாளர் எரிக் செவரைட்டும், அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லின் அரசியல் ஆலோசகர் ஜோன் டேவிஸும் இருந்தார்கள். எல்லோரும் பரசூட்டை மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டியதாயிற்று. துணை விமானி தப்பவில்லை. வானொலி இயக்குநருக்குக் கால் முறிந்தது. ஆனால் குதிக்குமுன் அவர் தங்கள் இருப்பிடத்தை அறிவித்துவிட்டிருந்தார். அவர்கள் இறங்கியது தலைவெட்டிகள் என்று பெயரெடுத்திருந்த பங்க்ஷா கிராமத்து நாகர்களின் எல்லைக்குள்.

தேடிவந்த விமானம் வட்டமிட்டு உணவும் கம்பளியும் போட்டது. ஆனால் முறிந்த காலுக்குக் கம்பளி என்ன செய்யும்? அந்த விமானத்திலிருந்து மூன்று பேர் குதித்தார்கள். ஒருவர் படை வைத்தியர், லெப்டினன்ட் கேர்ணல் டொன் ஃபிளிக்கிஞ்சர். மற்ற இருவர் பாஸி, மெக்கன்ஸி என்ற மருத்துவ உதவியாளர்கள். மூவரும் காட்டுக்குள் இறங்கி, காலுக்குக் கட்டுப் போட்டு, மற்றவர்களோடு சேர்ந்து கூட்டத்தைக் காத்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் ஆடம்ஸ் நாகர்களோடு நடந்தே வந்து சேர, அந்தக் கூட்டம் மாத முடிவில் மலையிலிருந்து வெளியேறியது.

அமெரிக்க விமானப்படையின் மீட்புப் பரசூட் வீரர்கள் தங்கள் பிறப்பை எண்ணுவது இந்தக் குதிப்பிலிருந்துதான். 1947இல் அந்தப் பிரிவு முறைப்படி அமைந்தது. இன்று அதில் சேர ஏறத்தாழ இரண்டு வருடப் பயிற்சி. பரசூட்டும் நீச்சலும் மலையேற்றமும் எல்லாம் உண்டு. ஆனால் அவையெல்லாம் காயம்பட்டவன் பக்கத்தில் போய்ச் சேரும் வழி மட்டுமே. சேர்ந்த பிறகு கை என்ன செய்கிறது என்பதுதான் பயிற்சியின் உயிர்.

அந்தக் கை எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைத் திருத்தி எழுத, 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாதாரண அவசர மருத்துவத்தில் முதலில் மூச்சுப்பாதை என்பார்கள். போர்க்களத்தில் கையிலோ காலிலோ வெட்டுண்ட நாளம் சில நிமிடத்தில் ஆளை முடித்துவிடும். சூடு விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் இறுக்குப் பட்டியைக் கட்டி இரத்தத்தை நிறுத்து, பிறகு மறைவுக்கு இழு, அங்கே மூச்சைப் பார், பிறகு வெளியேற்று. இதுதான் அந்த வருடம் வந்த புதிய முறை. சிறந்த சிகிச்சையைத் தவறான நேரத்தில் செய்தால் இரண்டு உடல் விழும், காயம்பட்டவனும் காப்பாற்றப் போனவனும்.

நமக்கு இது அந்நியக் கதை இல்லை. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் ஓடத் தொடங்கிய 1990 அம்புலன்ஸின் உள்ளே உட்கார்ந்திருக்கும் அவசர சிகிச்சையாளரும் இதே நம்பிக்கையின் பிள்ளைதான். வளைந்து வளைந்து ஏறும் கடுகண்ணாவைப் பாதையில் விபத்தில் கிடப்பவருக்கு, சிகிச்சை வைத்தியசாலை வாசலில் அல்ல, தார் ரோட்டில் தொடங்குகிறது.

மறுபடி 1944க்கு வருவோம்.

இரண்டாவது படையெடுப்பில் விங்கேட்டின் சிண்டிட் ஆட்களில் பெரும்பாலோர் நடந்து போகவில்லை. மார்ச் 5ஆம் திகதி இரவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வானத்து வழியாகப் போய் இறங்கினார்கள். காட்டுக்குள் வெட்டிய சிறிய ஓடுபாதைகளில், இலகு விமானங்கள் காயம்பட்டவர்களை ஒன்றிரண்டு பேராக அள்ளிக்கொண்டு பறந்தன. யாரையும் விட்டுவிட்டு நடக்க வேண்டியதில்லை என்ற துணிவு பிறந்தது. ஆனால் அந்தச் சின்ன விமானங்களுக்கும் இறங்க ஓடுபாதை வேண்டும்.

மவுண்ட்பேட்டன் பேராதனை மரநிழலில் குடியேறி ஒரு வாரம்தான் இருக்கும். காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு பறந்த ஓர் இலகு விமானம் ஜப்பானியர் நடமாடும் பகுதியில் விழுந்தது. விமானி எட் ஹ்லடோவ்சாக்கும் மூவரும் உயிரோடு இருந்தார்கள். சுற்றிலும் காடும் வயலும். விமானம் இறங்க இடமில்லை. மேலிருந்து போட்ட செய்தி, மலை மேல் ஏறுங்கள், ஜப்பானியர் அருகில் என்றது.

பல நூறு மைலுக்கு அப்பால் ஒரு புதிய யந்திரம் நின்றது. தலைக்கு மேல் சுழலும் இறக்கை, இரண்டே இருக்கை. ஒன்று விமானிக்கு, மற்றது ஏற்றப்படுகிறவருக்கு. பெயர் சிகோர்ஸ்கி வைஆர்-4பி. போர்க்களத்தில் ஒரு ஹெலிகொப்டர் யாரையும் தூக்கிவந்தது அதுவரை இல்லை. அதன் விமானி கார்ட்டர் ஹார்மன், இசை படித்த இளைஞர்.

மூன்று காயக்காரர், ஒரு விமானி. ஒரு முறைக்கு ஒருவர். சுடும் காற்றில் இறக்கைக்குப் பிடிப்புக் குறையும், இயந்திரமும் சூடேறும். ஹார்மன் முதல் ஆளைத் தூக்கினார். ஆற்று மணல்திட்டில் காத்திருந்த இலகு விமானத்திடம் ஒப்படைத்தார். திரும்பிப் போய் இரண்டாவது ஆளையும் தூக்கினார்.

மணல்திட்டில் இறங்கியதும் இயந்திரம் சூடேறி நின்றுவிட்டது. பொழுது சாய்ந்தது. வயலோரத்தில் இன்னும் இருவர் இருந்தார்கள்.

(அடுத்த வாரம்: விடியும்போது மரங்களுக்குள் இருந்து வெளியே வந்தவர்கள் யார்?)