சிதம்பரத்தில் ஆசிரியர் ஊதியம்

கல்விக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களை எண்ணுவர். ஆசிரியர் ஊதியம் எவ்விடமிருந்து வந்தது என வினவுவோர் சிலரே. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, அவர் அளித்த 20 இலட்சம் ரூபாய் நன்கொடையால் 1929-இல் பல்கலைக்கழகமாயிற்று. நிறுவனர் குடும்பத்தாரே இணைவேந்தராய் விளங்கினர்.

தொலைநிலைக் கல்வி பெருகிய காலத்தில் பணியாளரும் பெருகி, 12,000-ஐக் கடந்தனர். 2012-இல் வருவாய் செலவுக்கு எட்டவில்லை. ஆட்குறைப்பு, ஊதியக் குறைப்பு என்ற பேச்சு எழுந்தது. கடன்பட்டு வீடு கட்டியவர் நிலை யாதாகும்? ஆசிரியரும் அலுவலரும் ஒருங்கே போராடினர். 2013-இல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை ஏற்றது.

வேலை பிழைத்தது. ஆயினும் மிகையெனக் கணக்கிடப்பட்ட ஆசிரியர் பலர், பணிநிரவல் என்னும் பெயரால், தில்லைக் கோபுரம் கண்ணுக்கெட்டாத தொலைவூர் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டனர்.