சேற்றுக் கணக்கு

தமிழ்நாட்டில் வின்ச் என்று சொன்னால் உடனே ஞாபகத்துக்கு வருவது பழனி. படியேற முழங்கால் ஒத்துழைக்காதவர்களை ஒரு பெட்டியில் உட்கார வைத்து, இரும்புக் கயிறு கட்டி, மோட்டார் வைத்து மலைமேல் இழுத்துவிடுகிறார்கள். ஓர் உருளை. அதில் சுற்றிக்கொள்ளும் கயிறு. உருளையைச் சுழற்ற ஒரு சக்தி. வின்ச் என்பது இவ்வளவுதான்.

இதே சமாசாரத்தைச் சின்னதாகச் செய்து ஜீப்பின் மூக்கில் மாட்டினால் வேறொரு காரியத்துக்கு உதவும். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதா? கயிற்றை உருவிக்கொண்டு போய் எதிரே இருக்கிற மரத்தில் கட்டு. சுவிட்சைப் போடு. மரம் வராது. ஆகவே வண்டி வந்துதான் தீரவேண்டும். தன்னைத்தானே இழுத்துக் கரையேறுகிற கலை.

காடு மலை சுற்றவென்றே ஜீப் வாங்குகிறவர்கள் இன்று நம் ஊரில் நிறைய. வாங்கிய கையோடு வின்ச் ஆசையும் வந்துவிடுகிறது. கடையில் கேட்டால் 8,000, 9,500, 12,000 என்று நம்பர் சொல்வார்கள். எல்லாம் பவுண்டு கணக்கு. கிலோ வேண்டுமென்றால் 2.2ஆல் வகுத்துக்கொள்ளலாம். எதை வாங்குவது?

நம் பதில் தயாராக இருக்கும். 'இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடுங்க.'

இந்த பதில் ஏன் ஆபத்தானது என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. பார்ப்பதற்குக் கொஞ்சம் தூரம் போகவேண்டும். பனாமாவுக்கு.

*

அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் வடக்கிலிருந்து தெற்குவரை இணைக்கும் சாலைக்கு பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை என்று பெயர். அலாஸ்காவில் ஆரம்பித்து அர்ஜென்டினாவின் தென்கோடிவரை கிட்டத்தட்ட 30,000 கிலோமீட்டர். நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சாலை அறுந்துவிடுகிறது. பனாமாவும் கொலம்பியாவும் சந்திக்கும் இடம். சுமார் 100 கிலோமீட்டருக்கு மழைக்காடு, மலை, ஆறு, அதற்கப்பால் அட்ராட்டோ என்கிற நதியின் பிரம்மாண்டமான சதுப்பு நிலம். பெயர் டேரியன் இடைவெளி. இன்றுவரை அங்கே சாலை கிடையாது.

மனிதனுக்குத்தான் இப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே. 1960 பிப்ரவரியில் ஒரு லேண்ட் ரோவரும் ஒரு ஜீப்பும் பனாமாவின் சேப்போ என்ற ஊரிலிருந்து கிளம்பின. லேண்ட் ரோவருக்கு வைத்த செல்லப் பெயர், 'பாசக்காரக் கரப்பான்பூச்சி'. கொலம்பியாவின் கிப்தோ நகரை அடைந்தது ஜூன் 17 அன்று. மொத்தம் 136 நாள். சராசரி வேகம், மணிக்கு 201 மீட்டர். கிலோமீட்டர் அல்ல, மீட்டர். வழியில் பனைமரத் தண்டுகளை வெட்டிப் போட்டு இவர்களே கட்டிக்கொண்ட தாற்காலிகப் பாலங்கள் மட்டும் நூற்றுக்கு மேல். கடைசிப் பகுதியில் பெரும் தூரத்தை நதி வழியேதான் கடந்தார்கள்.

அடுத்து வந்தது பிரிட்டிஷ் ராணுவம். ஜான் பிளாஷ்ஃபோர்டு ஸ்னெல் என்கிற ராணுவப் பொறியாளர், மேஜர், தலைமை தாங்கினார். 1970ல் அறிமுகமாகி ஊரெல்லாம் பேச்சாக இருந்த ரேஞ்ச் ரோவர் வண்டிகள் இரண்டு. 1971 டிசம்பரில் அலாஸ்காவில் புறப்பட்டு, 1972 ஜனவரியில் டேரியனுக்குள் நுழைந்தார்கள்.

ஏற்பாட்டில் குறையே சொல்லமுடியாது. வண்டியின் முன்னால் வின்ச். மேலே கேரியர். சேற்றுக்கென்று அகல டயர். பள்ளம் தாண்ட அலுமினிய ஏணி. ஆற்றில் வண்டியை மிதக்கவிட ரப்பர் தெப்பம். சாமான் சுமக்கக் குதிரைகள். பட்டாளத்தான் மூளை. எதையும் விட்டுவைக்கவில்லை.

உள்ளே போன கொஞ்ச நாளில், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் படாரென்று உடைந்தது. மாற்றினார்கள். அதுவும் உடைந்தது. இங்கிலாந்திலிருந்து ரோவர் கம்பெனி இன்ஜினியர்கள் பறந்து வரவேண்டியதாயிற்று. பார்த்தார்கள். காரணம் புரிந்தது. வண்டியில் ஏற்றியிருந்த சுமை அதிகம். போதாக்குறைக்கு அந்தப் பெரிய டயர்கள். இரண்டும் சேர்ந்து அச்சை முறுக்கிக்கொண்டிருந்தன. எதெல்லாம் காப்பாற்றும் என்று ஏற்றிக்கொண்டு வந்தார்களோ, அதெல்லாம் சேர்ந்துதான் வண்டியை உடைத்தது.

உதிரி பாகம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. ஒரு செகண்ட் ஹேண்ட் லேண்ட் ரோவரை வாங்கினார்கள். தேவையில்லாததையெல்லாம் கழற்றிப் போட்டார்கள். எலும்புக்கூடு மாதிரி நின்ற அந்தப் பழைய வண்டிதான் அதன்பிறகு முன்னால் போய் வழி கண்டுபிடித்தது. புத்தம்புது ரேஞ்ச் ரோவர்கள் பின்னால் வந்தன.

ஏப்ரலில் காட்டைத் தாண்டினார்கள். ஏறத்தாழ நூறு நாள். ஜூன் மாதம் தென்கோடியைத் தொட்டார்கள். சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால், வின்ச் வாங்கப் போகிறவருக்கு இதிலிருக்கும் பாடம் அந்தக் கழற்றிப் போட்ட லேண்ட் ரோவரில்தான் இருக்கிறது. வின்ச் இழுக்கப் போவது உங்கள் வண்டியின் எடையை. முதல் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கவேண்டும்.

*

அந்த ரேஞ்ச் ரோவர்களில் இருந்தது கேப்ஸ்டன் வகை வின்ச். கப்பலில் நங்கூரம் இழுக்கிற ஏற்பாட்டின் பேரப்பிள்ளை. செங்குத்தான ஓர் உருளையை இன்ஜின் சுழற்றும். கயிற்றை அதில் மூன்று, நான்கு சுற்று சுற்றி, வால் நுனியை ஓர் ஆள் பிடித்துக்கொள்வார். அவர் லேசாக இழுத்தால் போதும், கயிறு உருளையைக் கவ்விக்கொண்டு வண்டியையே நகர்த்தும். தளர்த்தினால் வழுக்கும், இழுவை நின்றுவிடும். கயிறு உருளையில் சேர்வதில்லை என்பதால் எவ்வளவு நீளக் கயிறும் போடலாம். மெதுவானது, பொறுமையானது. இன்ஜின் ஓடவேண்டும், பக்கத்திலேயே ஆள் நிற்கவேண்டும் என்பவைதான் கஷ்டங்கள்.

இரண்டாம் உலகப்போரில் ராணுவ லாரிகள் வேறொரு வகையை வைத்திருந்தன. கியர் பாக்ஸிலிருந்து சக்தியை எடுத்து, படுத்த வாக்கில் இருக்கும் டிரம்மைச் சுழற்றுவது. நாள் முழுக்க இழுத்தாலும் களைக்காது. ஆனால் ஆற்றுக்கு நடுவே இன்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டால்? வின்ச்சும் நின்றுவிடும். எப்போது அதிகம் தேவையோ அப்போது கைவிடுகிற சிநேகிதன்.

இந்தப் பிரச்னைக்கு விடை, போர் முடிந்தபிறகு வந்தது. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை அமெரிக்கர்கள் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த காலம். 1948ல் ஆர்தர் வார்ன் என்பவர் அந்த ஜீப்புகளின் முன் சக்கரத்துக்கு ஓர் உதிரி பாகம் செய்து தொழில் தொடங்கினார். அந்த வார்ன் கம்பெனி 1959ல் ஊர் சுற்றுகிறவர்களுக்கான எலெக்ட்ரிக் வின்ச்சைக் கொண்டுவந்தது. 1974ல் வந்த அவர்களுடைய 8274 மாடல், 8,000 பவுண்டு இழுக்கும். இன்றுவரை ஜீப் பைத்தியங்கள் மரியாதையோடு உச்சரிக்கும் நம்பர் அது.

பேட்டரியில் ஓடுவதால் இன்ஜின் செத்தாலும் இழுக்கும். மாட்டுவது சுலபம். நம் ஊரில் கிடைப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் தீனி அதிகம். முழுச் சுமையில் 400 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். ஒரு சாதாரண ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரும் சீக்கிரம் சூடாகிவிடும். கொஞ்சம் இழு, கொஞ்சம் ஓய்வு கொடு என்றுதான் போகவேண்டும். இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் ஓடவிட்டபடியே இழுப்பது பேட்டரிக்கு நல்லது.

*

இப்போது அட்டைப்பெட்டிமேல் இருக்கும் நம்பருக்கு வருவோம்.

ஜவுளிக்கடை போர்டில் '50 சதவீதம் வரை தள்ளுபடி' என்று எழுதியிருப்பார்கள். அதில் 'வரை' மட்டும் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருக்கும். வின்ச்சிலும் ஒரு 'வரை' உண்டு. 8,000 பவுண்டு என்பது, கயிறு முழுக்க உருவப்பட்டு டிரம்மில் ஒரே ஓர் அடுக்கு மிச்சமிருக்கும்போது கிடைக்கும் பலம். கயிறு சுற்றச் சுற்ற டிரம் பருமனாகும். பருமன் கூடக்கூட இழுவை குறையும். நான்கைந்து அடுக்கு ஏறிவிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். 8,000 என்பது 5,300 ஆகிவிடும். கிலோவில் 2,400.

இந்தப் பக்கம் தேவை எவ்வளவு? அமெரிக்க ராணுவம் மாட்டிக்கொண்ட வண்டிகளை மீட்க ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. சக்கர அளவு சேற்றில் புதைந்திருந்தால், சாமானோடு சேர்த்து வண்டியின் எடை எவ்வளவோ அவ்வளவு இழுவை வேண்டும். மட்கார்டு அளவு என்றால் இரண்டு மடங்கு. டிரைவர் கேபின்வரை என்றால் மூன்று மடங்கு. மேட்டில் இழுப்பதென்றால் அது தனிச் செலவு. 30 டிகிரி சரிவுக்கு வண்டி எடையில் பாதியைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

ஆட்களும் சாமானுமாக 2,200 கிலோ எடையுள்ள ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் விதி, மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு. 3,300 கிலோ. அதாவது 7,260 பவுண்டு. ஆக, 8,000 பவுண்டு வின்ச் போதும். 9,500 வாங்கினால் நிம்மதி. 12,000? அதுவே கனம். அதைத் தாங்க கனமான பம்பர். அதற்கு ஈடுகொடுக்க ஸ்பிரிங் மாற்றம். முன்பக்கம் கனத்த வண்டி முதலில் மூக்கைச் சேற்றில் விடும். மாட்டிக்கொண்டால் இழுக்கத்தான் வின்ச் வாங்கினோம். வின்ச்சே மாட்டிவிட்டால் எங்கே போவது? டேரியனில் நடந்தது இதே கதைதான்.

அந்த பம்பர் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். வண்டிகளில் கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது சட்ட விரோதம் என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வின்ச் மாட்டக் கிடைக்கும் பம்பர்கள் பலவும் அந்த ரகம்தான். பணம் கட்டுமுன் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

பலம் போதாவிட்டால் என்ன செய்வது? ஒரு கப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கயிற்றை மரத்தில் கட்டிய கப்பி வழியே கொண்டுவந்து வண்டியிலேயே திரும்ப மாட்டினால், இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பு. வேகம் பாதியாகும், போகட்டும். கயிறு இரண்டு மடங்கு வெளியே வருவதால் டிரம்மிலும் அடுக்கு குறைந்து பலம் கூடும். சிராகூஸ் நகரில் ஆர்க்கிமிடிஸ் ஒற்றை ஆளாக, சாமான் ஏற்றிய கப்பலையே கப்பித் தொடுப்பால் இழுத்துக் காட்டினார் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருட டெக்னாலஜி. பெரிய வின்ச்சோடு ஒப்பிட்டால் விலை கொசுறு.

*

கடைசியாகக் கயிறு. இதில்தான் உயிர் இருக்கிறது.

இரும்புக் கயிறு இழுபடும்போது தனக்குள் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்தால் அத்தனையும் ஒரே வீச்சில் வெளியேறும். கையைக் காலைத் துண்டிக்கிற சாட்டை அது. டைனீமா போன்ற செயற்கை இழைக் கயிறுகள், அதே பலத்துக்கு இரும்பின் எடையில் சுமார் ஏழில் ஒரு பங்குதான். அறுந்தாலும் வீச்சு மிகக் குறைவு. ஆனால் வெயில், மணல், பாறை உரசல், டிரம்மின் சூடு எல்லாம் அதற்கு எதிரி. அடிக்கடி பார்த்து, நைந்திருந்தால் தயங்காமல் மாற்றவேண்டும். முழுக்கப் பாறைப் பிரதேசத்தில் ஓட்டுகிறவர் இரும்பு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இழைக் கயிறே மேல். வண்டியின் மூக்கிலும் சில கிலோ குறையும்.

எந்தக் கயிறானாலும், நடுவில் ஒரு கனமான போர்வையைப் போட்டுவிடுங்கள். அறுந்தால் அது கீழே அமுக்கும். கையுறை கட்டாயம். கயிற்றைத் தாண்டாதீர்கள். குழந்தைகளையும் வேடிக்கை பார்க்கிறவர்களையும் கயிற்றின் நீளத்துக்கும் கூடுதலான தூரத்தில் நிறுத்துங்கள். மரத்தில் கட்ட அகலப் பட்டை. மரமே இல்லையா? ஸ்டெப்னியைக் குழி தோண்டிப் புதைத்து அதில் கட்டலாம். அதற்கு ஒரு மண்வெட்டி வேண்டும். அந்த மண்வெட்டியாலேயே சக்கரத்துக்கு முன்னால் சேற்றைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் பாதி நேரம் வின்ச்சுக்கு வேலையே இருக்காது என்பது வேறு விஷயம்.

டேரியன் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. நதியில் மிதக்காமல், முழுக்க முழுக்கத் தரை வழியாகவே அந்த இடைவெளியை ஒரு வண்டி கடந்தது 1987ல்தான். லோரன் அப்டன், பேட்டி மெர்சியர் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 201 கிலோமீட்டருக்கு 741 நாள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 271 மீட்டர். அவர்களிடம் பட்டாளம் இல்லை, குதிரைப்படை இல்லை. வண்டி, ஒரு சின்ன, பழைய ஜீப்.