தெய்வங்களின் மணமும் மகப்பேறும்

கிரேக்கர் மணவாழ்வைக் காக்கும் பொறுப்பை ஹீராவிடம் ஒப்படைத்தனர். அவள் கணவன் சீயஸ் தேவர் கோமான். ஆயினும் பிறர்மனை நயந்தவன். அவனைத் தண்டிக்க இயலாத ஹீரா, அவன் காதலியரையும் அவர் பெற்ற பிள்ளைகளையுமே துன்புறுத்தினாள். தொட்டிற் குழந்தையான ஹெராக்கிளிசின்மீது இரு பாம்புகளை ஏவினாள் என்பது கதை. அதீனாவும் ஆர்த்தெமிசும் மணமே வேண்டா என்றனர். உரோமரின் அடுப்புத் தெய்வம் வெஸ்தாவும் கன்னியே. அவளது தீயை ஆறு கன்னியர், ஆளுக்கு 30 ஆண்டு நோன்பிருந்து காத்தனர். வியப்பென்னவெனில், மகப்பேறற்ற இவ்வெஸ்தாவை உரோமர் தாய் என்றே விளித்தனர்.

நமக்கோ இதில் வியப்பில்லை. வைகாசிப் பொங்கலுக்கு உடையார்கட்டிலிருந்து நாம் தேடிச் செல்லும் வற்றாப்பளைக் கண்ணகை பிள்ளை பெற்றவளா? கோவலனின் மகள் மணிமேகலை மாதவி வயிற்றுப் பிள்ளை. ஹீராவின் நிலையில் நின்றவளே கண்ணகையும். ஆனால் அவள் மாதவியையோ மணிமேகலையையோ வருத்தவில்லை. சினம் முழுதும் நீதி பிழைத்த பாண்டியன்மீதே சென்றது. மதுரையை எரித்தபோதும், குழந்தைகளையும் முதியோரையும் தீண்டாதே எனத் தீக்கு ஆணையிட்டாள் என்கிறது சிலப்பதிகாரம்.

கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள். அத்தகைய பெண்ணை நம் வீட்டு மணப்பந்தரில் முன்னே வர விடுகிறோமா? கோயிலில் மட்டும் அம்மாளாச்சி என்கிறோம். கொப்புளிப்பான் கண்ட பிள்ளையைக் கிடத்தி அவள் பெயரையே சொல்கிறோம். சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். கொழும்புக்கு அணித்தான நவகமுவையில் அவளுக்குத் தேவாலயம் உண்டு. பிள்ளைவரம் வேண்டுவோர் அங்கும் செல்வர்.