பாங்காக்கின் பேரூசலும் திருவெம்பாவையும்

அயல்நாட்டுப் பயணத்தின் இறுதி நாளுக்கென்று ஒரு பொது வழக்கம் உண்டு. காண வேண்டியவற்றையெல்லாம் கண்டாகிவிட்டது என்ற எண்ணத்தில் அந்நாளைக் கடைத்தெருவுக்கு ஒப்புக்கொடுத்துவிடுவர். பாங்காக் நகரில் அதற்கான வசதிகளும் மிகுதி. கம்போடியாவின் அங்கோர் கோயில்களைக் கண்டுவிட்டுத் தாய்லாந்து வழியாக ஊர் திரும்பிய எங்கள் நால்வருக்கும் அந்நகரில் எஞ்சியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னைக்கான விமானமோ இரவில். அரண்மனைக்கும் மரகதப் புத்தருக்கும் அப்பகலை அளிக்கலாம் என்றனர் எங்களுள் இருவர். நீண்ட வழக்காடலுக்குப் பின் நாங்கள் சென்றது, பயண நூல்கள் பலவும் நான்கு வரிகளில் முடித்துவிடும் ஓரிடத்துக்கு. தாய் மொழியில் 'சாவ் சிங் சா' என வழங்கும் பேரூசலே அது.

பெயரைக் கேட்டு ஊஞ்சலைத் தேடிச் செல்பவர் ஏமாறுவர். வாட் சுதட் என்னும் பௌத்தப் பெருங்கோயிலுக்கு முன்னே, சாலையின் நடுவில், செந்நிறம் பூசிய இரு நெடுமரத் தூண்கள் மட்டுமே நிற்கின்றன. உயரம் ஏறத்தாழ 21 மீட்டர். உச்சியில் இவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டம் நுண்ணிய மர வேலைப்பாடு கொண்டது. கயிறும் இல்லை, பலகையும் இல்லை. வாகனங்கள் இருபுறமும் சுற்றிச் செல்கின்றன. நண்பர் ஒருவர், "இதற்காகவா அரண்மனையை விட்டோம்?" என்று கேட்டார். அவருக்குரிய விடை தூண்களில் இல்லை. அவை எதற்காக நடப்பட்டன என்பதில் இருக்கிறது.

1767-ஆம் ஆண்டில் பர்மியப் படைகளிடம் அயுத்தியா நகரம் வீழ்ந்தது. கோயில்களும் ஏடுகளும் எரிந்தன. அரசவைச் சடங்குகளை அறிந்தோர் சிதறினர். 1782-இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் இராமா மன்னர், அழிந்த தலைநகரின் மரபுகளை ஒவ்வொன்றாக மீட்டெடுக்க முற்பட்டார். அரசர் பௌத்தர், குடிகளும் பௌத்தர். ஆயினும் முடிசூடுதல் முதலிய அரச சடங்குகளுக்கு அந்தணர்கள் தேவைப்பட்டனர். அவர்களுக்காக 1784-இல் எழுந்ததே தேவசதான் என்னும் கோயில். அதன் முன்னே அதே ஆண்டில் பேரூசல் நடப்பட்டது. இன்றுள்ள இடத்துக்கு அது 1920-இல்தான் மாற்றப்பட்டது. எரிவாயு நிலையம் ஒன்றுக்கு இடம் வேண்டியிருந்ததே காரணம். அப்போது தேக்கு மரங்களை அளித்தது லூயி லியோனோவென்ஸ் நிறுவனம். சியாம் அரண்மனையில் ஆங்கிலம் கற்பித்த அன்னா அம்மையாரின் மகன் தொடங்கிய நிறுவனம் அது. சிவனுக்குரிய ஊசலுக்கு வெள்ளையர் மர வாணிகம் தூண் கொடுத்தது என்ற செய்தியை நாங்கள் சற்றே சுவைத்தோம். 2006-இல் அத்தூண்களும் உளுத்துப் போகவே, பிரே மாநிலத்துத் தேக்கு மரங்கள் ஆறைக் கொண்டு புதுப்பித்து, 2007 செப்டம்பரில் விழா எடுத்தனர்.

இனி விழாவைக் காண்போம். 'திரியம்பவாய்' என்பது அதன் பெயர். தாய் நாட்டுச் சந்திர மாதங்களுள் இரண்டாவதில் நிகழ்வது. முற்காலத்தில் முதல் மாதத்தில் நிகழ்ந்து பின்னர் மாற்றப்பட்டதாம். நம் மார்கழி, தை மாதங்களை ஒட்டிய காலம் என்று பொதுவாகக் கொள்ளலாம். அந்நாட்களில் சிவபெருமான் மண்ணுலகுக்கு இறங்கி வந்து பத்து நாட்கள் தங்குகிறார் என்பது நம்பிக்கை. அவர் மீண்டபின் திருமால் வந்து ஐந்து நாட்கள் தங்குவார். திருமாலுக்குரிய பகுதிக்குத் 'திரிபவாய்' என்று பெயர்.

இறைவன் சார்பில் உயர்குடிப் பெருமகன் ஒருவர் ஊர்வலமாக வந்து ஊசலின் எதிரே பந்தலில் அமர்வார். இடக்கால் நிலத்தில் ஊன்றியிருக்க, வலக்கால் இடது முழங்காலின்மேல் இருக்கும். ஆட்டம் முடியும்வரை அவ்வலக்கால் தரையைத் தொடலாகாது. தொட்டுவிட்டால் அவருடைய உடைமைகளைப் பறித்துக்கொள்ளும் உரிமை அந்தணர்களுக்கு உண்டு என்பது பழைய வழக்கு. நாக வடிவத் தலையணி பூண்ட இளைஞர் நால்வர் பலகையில் ஏறுவர். எதிரே நட்ட மூங்கிலின் நுனியில் காசுப்பை தொங்கும். பலகை வானளாவ எழும்பும்போது ஒருவர் அதைப் பற்களால் கவ்வ வேண்டும். இவ்வாறு மூன்று ஆட்டங்கள். பரிசு முறையே 12, 10, 8 பாட் எனக் குறைந்துகொண்டே வரும். ஆடி முடித்தோர் எருமைக் கொம்புகளில் நீர் முகந்து கூட்டத்தின்மேல் தெளித்து ஆடுவர். 1920-களில் சியாம் அரசவையில் பணியாற்றிய குவாரிட்ச் வேல்ஸ், 1931-இல் வெளிவந்த தம் நூலில் இவ்விழாவை விரிவாகப் பதிந்துள்ளார். அவருக்கு முன்பே, பன்னிரு மாதச் சடங்குகளைப் பற்றி 1888-இல் நூல் எழுதிய சூலாலங்கோர்ன் மன்னரும் (ஐந்தாம் இராமா) இதனை ஆராய்ந்திருக்கிறார். விபத்துகளில் உயிர்ச்சேதம் நேர்ந்தமையும் செலவும் காரணமாகப் பேரூசலாட்டம் 1935-இல் நிறுத்தப்பட்டது. 1932-இல் அரசரின் தனியாட்சி முடிவுற்றிருந்ததையும் இங்கு நினைவுகொள்ளலாம்.

திரியம்பவாய், திரிபவாய். இவ்விரு பெயர்களையும் இருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது. திருவெம்பாவை, திருப்பாவை என்பனவே தாய் நாவில் இவ்வாறு திரிந்தன. 'திரு' என்பது 'திரி' ஆனமையால் மூன்றைக் குறிக்கும் வடசொல்லாகவும் அது மயங்கத் தக்கது. ஆனால் பெயரொற்றுமை மட்டும் சான்றாகிவிடாது. ஒலி ஒத்தால் போதும் என்று உலக மொழிகளையெல்லாம் தமிழாக்கும் பழக்கம் நம்மிடையே மலிந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே சான்று வேறு. அவ்வந்தணர்கள் ஓதும் பாடல்களே சான்று.

தேவசதான் அந்தணர்களிடம் கிரந்த எழுத்தில் அமைந்த ஏடுகள் இருந்தன. அவற்றில் வடமொழி மந்திரங்களோடு மாணிக்கவாசகரின் திருவெம்பாவைப் பாடல்களும், தேவாரப் பாடல்கள் சிலவும் உள்ளன. தனிநாயக அடிகள் 1950-களில் இச்செய்தியைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். பின்னர் இலண்டனில் தமிழ் கற்பித்த மார், 1969-இல் அந்த ஏடுகளைப் பற்றி எழுதினார். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நீலகண்ட சர்மாவின் பதிப்பை 1972-இல் வெளியிட்டது. ஆக, ஐயத்துக்கு இடமில்லை. திருப்பாவையின் நிலைதான் சற்று வேறு. விழாவின் பெயரைக் கொண்டு அதுவும் ஓதப்பட்டிருக்கலாம் என்று தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் கருதினார். 'இருக்கலாம்' என்ற அவருடைய சொல்லை நாமும் அப்படியே வைத்துக்கொள்வது நன்று.

சிவன் இறங்கி வரும் நாளில் ஓதப்படும் இப்பகுதிக்குக் கயிலாய வாயில் திறப்பு என்று பெயர். அரசரின் முடிசூட்டு விழாவிலும் இது ஓதப்படுவது மரபு. பாவை நோன்பில் இளமகளிர் தோழியரைத் துயிலெழுப்பக் கதவருகே நின்று பாடிய பாட்டு, அங்கே இறைவனின் வாயிலைத் திறக்கும் மந்திரமாகியிருக்கிறது. கதவு என்னும் ஒரு பொருள் மட்டும் கைவிடப்படவில்லை.

பேரூசலிலிருந்து தேவசதான் சில நிமிட நடைத் தொலைவு. வெண்சுவர்களும் எளிய கூரையும் கொண்ட மூன்று கட்டடங்கள் சிவனுக்கும் விநாயகருக்கும் திருமாலுக்கும் உரியவை. கோபுரமும் விமானமும் தேடிய கண்களுக்கு இது கோயிலாகவே தோன்றாது. ஞாயிறாதலால் சிவன் மண்டபம் திறந்திருந்தது. நின்ற கோலத்தில், இரு கைகளையும் உயர்த்தி அருளும் சிவன். உருவம் நம் கண்ணுக்குப் பழகியதன்று. மண்டபத்தின் நடுவே இருந்த ஒன்றுதான் எங்களை அசையவிடாமல் நிறுத்தியது. ஏறத்தாழ ஆளுயரத்துக்கும் சற்று மேலாக, வெளியே சாலையில் கண்ட அதே வடிவில், சிறியதோர் ஊசல் தூண். விழாவின் முடிவில் தெய்வத் திருமேனிகளை அன்ன வடிவ இருக்கையில் அமர்த்தி, இதில் தொங்கவிட்டு, பாட்டோடு ஆட்டி வழியனுப்புகின்றனர். பொரியும் தேங்காயும் வாழைப்பழமும் கரும்பும் படைக்கப்படும். வெளியே ஆட்டம் நின்று தொண்ணூறு ஆண்டுகளாகின்றன. உள்ளே இந்தச் சிறிய ஊசல் ஆண்டுதோறும் ஆடிக்கொண்டிருக்கிறது. நம் கோயில்களின் ஊஞ்சல் விழாவையும் திருவாசகத்துத் திருப்பொன்னூசலையும் நினையாமல் அங்கு நிற்க இயலவில்லை. பேரூசலுக்கு, கதிரவனின் செலவைக் குறிப்பது என்றும், உலகின் உறுதியைச் சிவன் சோதித்தது என்றும் வெவ்வேறு விளக்கங்கள் உண்டு. அன்ன ஊசலுக்கோ விளக்கமே வேண்டாம். தெய்வத்தைத் தாலாட்டுவது எந்த ஊரிலும் தாலாட்டுவதுதான்.

வெண்ணிற உடையும் பின்கொண்டையுமாக நின்றிருந்த ஒருவரிடம், ஓதும் பாடல்கள் எம்மொழி எனச் சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாகக் கேட்டோம். "பழைய மொழி" என்றார். அவ்வளவே.

இதன்மேல்தான் எங்களுக்குள் வாதம் மூண்டது. பல நூற்றாண்டுகள் வாய்வழியே வந்த பாடல்கள் தாய் மொழியின் ஒலிப்புக்கு ஏற்ப உருமாறியுள்ளன. நாமே கேட்டாலும் எளிதில் இனங்காண இயலாத அளவுக்கு மாற்றம். எனவே திருவெம்பாவை இருபது பாடல்களையும் தாய் எழுத்தில் திருத்தமாக அச்சிட்டு அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்றார் நண்பர். நல்லெண்ணம்தான். ஆனால் எங்களுள் மற்றவர்கள் உடன்படவில்லை. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களின் வழிவந்த நமக்கு ஒரு விதி தெரியும். பிழையான பாடமும் சான்றே. எந்த எழுத்து எங்கே மயங்கியது என்பதைக் கொண்டுதான் ஏடு எவ்வழியில், எவர் கைப்பட வந்தது என்று அறிகிறோம். பாங்காக் அந்தணரின் ஒவ்வொரு திரிந்த ஒலியும் அத்தகையதே. தமிழை ஏன் கிரந்தத்தில் எழுதினர், எந்த நிலையில் பொருள் மறைந்தது, எந்தப் பண்ணின் எச்சம் அந்த இசையில் உள்ளது என்ற வினாக்களுக்கெல்லாம் விடை அவ்வொலிகளில்தான் கிடக்கிறது. இன்று நாம் சென்று திருத்திவிட்டால், நாளை நம்முடைய அச்சுப் பிரதியின் எதிரொலியே நமக்குக் கேட்கும். செய்ய வேண்டியது, ஓதுவார்களும் மொழியியலாரும் சேர்ந்து அமர்ந்து முழுமையாகப் பதிவு செய்து ஒப்பிடுவது. நண்பர் முழுதும் ஒப்பவில்லை. பொருளறியாது ஓதுவதில் என்ன பயன் என்று கேட்டார். மதிப்பெண்ணுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் காணும் எங்களுக்கு அக்கேள்வி வேறு திசையிலும் பாய்ந்தது.

யார் கொண்டு சென்றார்கள் என்பது அடுத்த வினா. இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்போடு இதை முடிச்சுப் போடும் கட்டுரைகள் உண்டு. படித்ததும் மெய்சிலிர்க்கும். ஆனால் ஆதாரம் எதுவும் காட்டப்படுவதில்லை. தாய்லாந்தின் தென்மேற்குக் கரையில் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராம வணிகரையும் குறிப்பது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அதற்கும் முற்பட்டது, குளோங் தோமில் கிடைத்த, 'பெரும்பதன் கல்' என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல். தமிழர் அங்கு வாழ்ந்தமைக்கு இவை உறுதியான சான்றுகள். ஆனால் வணிகரும் பொற்கொல்லரும் இருந்த இடத்தில் அதே காலத்தில் திருவெம்பாவையும் ஓதப்பட்டது என்று இவற்றைக் கொண்டு கூற முடியாது. தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் நகரிலும் ஈசுவரன் மண்டபமும் அதனருகே ஓர் ஊசலும் உள்ளன. பாங்காக் அந்தணர் மரபு அப்பகுதியோடு தொடர்புடையது. ஆகவே தீபகற்பத்தின் வழியே, பல தலைமுறைகளில், சிறுகச் சிறுகச் சென்ற அந்தணக் குடிகளின் வேலையாக இது இருக்கலாம் என்பதே எங்கள் கருத்து. பேரரசன் ஒருவனைத் தேடுவதைவிட இது நம்பத்தக்கது. ஒரு கப்பலில் இறங்கிய சிலர் தம் பிள்ளைகளுக்கு இருபது பாடல்களைக் கற்பித்தனர். அவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

வாட் சுதட்டுக்குள் சுகோதாயிலிருந்து 1808-இல் கொணரப்பட்ட சாக்கியமுனி புத்தரின் பேருருவை விரைந்து வணங்கினோம். எட்டு மீட்டர் உயர வெண்கலத்துக்கு அது போதிய நேரமன்று.

எஞ்சிய பொழுதில் சீலோம் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர் எழுப்பியது. வண்ணச் சுதைகள் நிறைந்த கோபுரம், மஞ்சள், குங்குமம், சாமந்தி என அனைத்தும் நம் ஊர்தான். வரிசையில் நின்றோரில் பெரும்பாலோர் தாய் நாட்டினர். அவர்கள் இக்கோயிலை வாட் கேக் என்கின்றனர். கேக் என்பது விருந்தினர் எனப் பொருள்படும் சொல். இந்தியர் போன்ற புறநாட்டவரைச் சுட்டவும் வழங்குவது. பேரூசலருகே உள்ள கோயிலுக்கு அப்பெயர் இல்லை. அதனைப் போட் பிராம், அந்தணர் கோயில் என்றே அழைக்கின்றனர்.