மூப்பு வரிசை

எந்தச் சபையின் வரலாற்றை எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது வாரிசுச் சண்டைப் பக்கத்தைத்தான். மார்மன் சபைக்கு அது 1844 ஜூன் 27இல் வந்தது. நிறுவனர் ஜோசப் ஸ்மித்தை இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அடுத்தவர் யார் என்பதில் தெளிவில்லை.

ஆகஸ்ட் 8, நாவூ நகரத்துத் தோப்பில் கூட்டம். ஸ்மித்தின் துணைவர் சிட்னி ரிக்டன் ஒரு வண்டிமேல் நின்று, தன்னைச் சபையின் காப்பாளராக ஏற்கும்படி நெடுநேரம் பேசினார். பிற்பகலில் பிரிகாம் யங் எழுந்து, பொறுப்பு 1835இல் அமைந்த பன்னிரு அப்போஸ்தலர் குழுவுக்கே உரியது என்றார். பெரும்பாலோர் கைதூக்கியது அவர் பக்கம், ஒப்பாதவர்கள் பிரிந்தார்கள்.

பன்னிருவரில் மூத்தவரே தலைவர் என்ற வழக்கம் பிறகு வேர்விட்டது. மூப்புக்குக் கணக்கு வயதல்ல, குழுவில் சேர்ந்த நாள். ஆர்சன் ஹைடும் ஆர்சன் பிராட்டும் இடையில் பதவி இழந்து திரும்பியவர்கள். ரேஷன் வரிசையில் விலகிப் போனவர் பழைய இடத்தைக் கேட்க முடியாதல்லவா? 1875இல் யங் இருவரையும் ஜான் டெய்லருக்குக் கீழே இறக்கினார். அது நடக்காதிருந்தால், 1877இல் யங் இறந்தபோது முதலிடத்தில் ஹைட் இருந்திருப்பார். டெய்லர்தான் 1880இல் தலைவரானார்.

இந்த முறைக்கு விலை முதுமை. 1970இல் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித், 2025இல் டாலின் ஓக்ஸ், இருவரும் 93 வயதில் பொறுப்பேற்றார்கள். ஆனாலும் தலைவர் கண்மூடினால் அடுத்தவர் யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. தேர்தல் இல்லாத இடத்தில் அது சின்ன சாதனையல்ல என்பேன்.